என் கூடாரக் காலைப் பிடித்தவன்

வீட்டிலிருந்து,
ஜூலை 24, புதன்கிழமை

அன்பு மகள் கிரெட்சனுக்கு அம்மா எழுதுவது. இடது தோள் ஒன்று நீங்கலாக நான் நலம், பிஸ்கட்டும் நலம், அந்தக் கிழட்டு நாய்க்குத் தபால் வண்டியைக் கண்டால் குரைக்க இன்னும் தெம்பு இருக்கிறது. அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஹாமிஷும் நீ வைத்தியம் பார்க்கிற ஆடுகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் கடிதமும் கம்பளிக் காலுறையும் போன வாரம் வந்து சேர்ந்தன, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனாலும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், அளவு சரி. இர்மா அத்தைக்கு முழங்கால் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஊரையே வேலை வாங்குகிறாள். கொல்லைப்பக்கக் கூரை மறுபடி ஒழுகுகிறது. செர்ரி இந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது, பாதியைப் பறவை தின்றது, மீதியை மாவுக்குள் வைத்து ஆறு பை சுட்டு உறையவைத்திருக்கிறேன், நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் உனக்கு, வராவிட்டால் இர்மாவுக்கு.

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். அம்மா, சந்தையில பக்கத்துக் கடைக்காரங்க கை குடுத்தா வாங்கிக்கோம்மா, அறுபத்தி நாலு வயசுல தனியா கூடாரம் தூக்குறேன்னு அடம் பிடிச்சு ஒரு நாள் அதுக்கடியிலேயே கிடக்கப்போற, முடியலைன்னா சந்தைக்குப் போறதையே நிறுத்து என்று. சரி. வாங்கினேன். இந்த வருஷம் ஆல்டர் பே கலைச்சந்தையில் கை கொடுத்தவனிடம் வாங்கிக்கொண்டேன். யாரிடம், எதற்காக வாங்கினேன் என்று படித்த பிறகும் நீ அதே அறிவுரையைச் சொல்வாயா என்று பார்க்கிறேன். போனில் சொன்னால் பாதியில் கத்திவிடுவேன், அதனால்தான் பேனா. சந்தைக்காரி பெர்னீஸ் உனக்குச் செய்தி அனுப்பியிருப்பாள், அவளுக்கு வாயும் விரலும் சும்மா இருக்காது, ஆனால் அவள் சொல்வதற்கு முன் நான் சொல்வதைக் கேள்.

டுவேன் ஸ்ட்ரௌப் என்ற பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் என்ன செய்தான் என்று உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது கல்லூரியில் இருந்தாய், உன் அப்பா என்னை வாயைத் திறக்க விடவில்லை. அந்த வருஷம் ஸ்ட்ரௌப் சந்தைக் கமிட்டியில் கடைக்காரர்களின் ஆள். ஊதுகுழலில் கண்ணாடி ஊதிக் கிண்ணமும் குவளையும் செய்கிறவன், வேலை சுத்தம், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலை எல்லோருடைய கடையையும் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவன், திறந்து கிடந்த நம் வேனுக்குள் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்தான். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றின் பெயரும், தோடு இரண்டாயிரம் ஜோடி என்றும் அதன்மேல் அச்சடித்திருந்தது. அந்தப் பெட்டியை நான் ஒரு கடையின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்தேன், உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்ததால் என் தோடு மாட்டும் சட்டங்களை வைக்க வாகாக இருந்தது, அவ்வளவுதான். நம் கூட்டத்தில் எவன் காசு கொடுத்துப் பெட்டி வாங்கியிருக்கிறான்? ஸ்ட்ரௌபே தன் கிண்ணங்களை வாழைப்பழப் பெட்டியில்தான் கொண்டுவருவான், அவனை வாழைப்பழ வியாபாரி என்று யாராவது சொன்னார்களா?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே நிர்வாகியிடம் போனான். அந்தச் சந்தையில் சொந்தக் கையால் செய்ததைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது, வாங்கி விற்பதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குள் கிடையாது, திருடியைக்கூட மன்னிப்பார்கள். செப்புத் தகடு வெட்டி, கண்ணாடிப் பொடி தூவி, ஒவ்வொரு ஜோடியாகச் சூளையில் சுட்டு எடுக்கிற எனக்கு, விரல் நுனியெல்லாம் சூடு பட்ட எனக்கு, பகல் பன்னிரண்டு மணிக்கு, கூட்டம் நெரிகிற நேரத்தில், கடையை மடக்கிக்கொண்டு கிளம்பச் சொல்லி உத்தரவு. தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைச் சுடுகிற பண்டம்போல் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

எந்தச் சந்தையிலும் ஒருவர் கூடாரம் மடக்கினால் நாலு பேர் ஓடி வருவார்கள், யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அது எங்கள் பழக்கம். அன்றைக்கு நாற்பது கடைக்காரர்கள் கை கட்டி நின்றார்கள். ஒரு கம்பியைக்கூட எவரும் தொடவில்லை. உன் அப்பா, நெஞ்சுவலி மாத்திரை சட்டைப்பையில் இருக்க, காற்றுக்குக் கூடாரம் பறக்காமலிருக்கக் கால்களில் கட்டுகிற அந்தச் சிமென்ட் கொட்டிய குழாய்கள் எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் பின்னால் நின்ற வேனுக்கு நடந்தார். நான் கூரைத் துணியோடு மல்லுக்கட்டினேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மடக்கி முடிக்க இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. அக்டோபரில் சந்தையிலிருந்து கடிதம் வந்தது, தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம், அடுத்த வருஷம் அவசியம் வரவும் என்று. ஸ்ட்ரௌபிடமிருந்து ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் உன் அப்பா போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார், அவர் படித்தவர், சொல்லட்டும். நான் அந்த எட்டு நடையைப் பார்த்தவள்.

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தின் ஒரு விரல்கூட என் கூடாரத்தில் படக் கூடாது என்று வைராக்கியம். போகாமல் இருக்கலாமே என்று நீ கேட்டாய், நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? ஒவ்வொரு ஜூலையும் போனேன், அவர்கள் கண்ணெதிரே, தனியாக. இரண்டு பேர் இருபது நிமிடத்தில் நிறுத்துகிற கூடாரத்தை ஒரு கால் தூக்கி, மறுபக்கம் ஓடி இன்னொரு கால் தூக்கி, ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்துவேன். யாராவது பக்கத்தில் வந்தால் விடுங்க, நான் பாத்துக்கறேன் என்பேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி என் நாக்கில் தழும்பே விழுந்திருக்கும். கழிப்பறைக்குப் போகும்போது பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம், நான் அதுவும் கேட்காமல், மூன்று நாளும் தண்ணீரைக் குறைத்து, தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பேன். மரக்கரண்டி செதுக்குகிற பெர்னீஸ், அவளும் அந்த நாற்பதில் ஒருத்தி, வருஷாவருஷம் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து நீட்டுவாள், வருஷாவருஷம் நான் அதைப் புல்லில் ஊற்றுவேன். அவள் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஊற்றுவேன்.

இந்த வருஷம் கதை மாறிவிட்டது. மார்ச்சில் பனியில் வழுக்கி விழுந்த தோள் இன்னும் தோளாகவில்லை என்பதை உன்னிடம் மறைத்தேன், திட்டாதே. வெள்ளிக்கிழமை குழாய்களைத் தூக்கப் பார்த்தேன், காலுக்கு இரண்டு கட்ட வேண்டியது, ஒன்றுக்கு மேல் முடியவில்லை. பெர்னீஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏய் லோர்னா, வாயை மூடிக்கிட்டு அந்தக் குழாயை என்கிட்ட குடுடி, உன் ரோஷத்தை நாளைக்குக் காமி என்றாள். விடு பெர்னீஸ், நான் பாத்துக்கறேன் என்றேன். நாலு குழாயோடு நின்றது என் கூடாரம். நிமிர்ந்து பார்த்தால் எதிர்வரிசையில், ஆறே எட்டு வைக்கும் தூரத்தில், ஐம்பத்தோராம் இடத்தில் யார் வாழைப்பழப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான் என்கிறாய்? இத்தனை வருஷமும் சந்தைத் திடலின் குளத்துக்கு அந்தப் பக்கமாகப் பார்த்து இடம் கேட்டு ஒளிந்துகொண்டிருந்தவன். இந்த முறை நடத்துகிறவர்கள் இடத்தைக் குலுக்கிப் போட்டுவிட்டார்கள். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்திருப்பேன்.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன வேலை செய்தேன், சிரிக்காதே. தோடு போட்டுப் பார்க்க என் கூடாரத்தின் பின்சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டுவேன் அல்லவா, உன் அப்பா சட்டம் போட்டுக் கொடுத்தது, அதைக் கொஞ்சம் திருப்பிச் சாய்த்தேன். மத்தியானம் அவன் கூரைக்கு மேலாக வருகிற வெயில் என் கண்ணாடியில் பட்டு நேரே திரும்பி அவன் மூஞ்சியில் அடிக்கும்படி. வெள்ளி மத்தியானம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வியாபாரம் பார்த்தான். சனிக்கிழமை காலையில் நாற்காலியைத் தள்ளிப் போட்டான், நான் கண்ணாடியைத் தள்ளிச் சாய்த்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சனி மூன்று மணிக்கு ஏரிப்பக்கம் வானம் பச்சையாகக் கறுத்தது. கூட்டம் கார்களை நோக்கி ஓடியது. எங்கள் சந்தைகளில் காற்று வந்தால் ஒரு சட்டம் இருக்கிறது, உனக்குத் தெரியும், எங்கே கால் தூக்குகிறதோ அதைக் கிட்டத்தில் இருக்கிறவன் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், பிடித்தவன் கடைக்குச் சொந்தக்காரர் விடு என்று சொல்லாமல் விடக் கூடாது. ஒருவன் தானாகக் கையை எடுத்தால் மற்றக் காலைப் பிடித்தவர்களின் தோள்பட்டை கழன்றுவிடும், அப்படி நடந்தும் இருக்கிறது. முதல் வீச்சிலேயே என் முன்கால் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பிவிட்டன. நான் பின்னால் நின்று நல்ல கையால் பின்காலைக் கட்டிக்கொண்டேன். பெர்னீஸ் தன் கூடாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். மழை சுவர்போல் வந்தது. அந்தச் சுவருக்குள்ளிருந்து ஒருவன் ஓடி வந்து, என் முன்பக்கக் குறுக்குக் கம்பியை எட்டிப் பிடித்து, காலைக் கீழே அழுத்தி, தன் முழு உடம்பையும் அதன்மேல் போட்டான். ஸ்ட்ரௌப்.

விடு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், கிரெட்சன். ஒன்பது வருஷப் பழக்கம், தானாக வரும். திறந்த வாயோடு பார்க்கிறேன், அவனுக்குப் பின்னால், கடைவரிசைகளுக்கு நடுவிலிருந்த லேனுக்கு அந்தப் பக்கம், அவன் கூடாரத்தின் இடது முன்காலில் குழாயைக் கட்டிய கயிறு அறுந்தது. அவன் நிறைய எடை கட்டியிருந்தான், பறக்காது என்று நம்பித்தான் என்னிடம் ஓடி வந்திருக்கிறான். நான் என் பின்காலில் நின்று அவன் கடையைப் பார்க்கிறேன், அவன் என் முன்காலில் நின்று என் பக்கம் பார்க்கிறான், அவன் முதுகு அவன் கடைக்கு. ஒரு வார்த்தை போதும். விடு, உன் கடையைப் பார் என்றால் ஆறு எட்டு வைத்துப் போயிருப்பான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் உதவியை வாங்கிக்கொண்டேன், நீ சொன்ன மாதிரியே. முதலில் அந்தக் கால் குதித்தது. அப்புறம் கூரை உப்பியது. அலமாரிகள் கூடாரத்தோடு சேர்த்துக் கட்டியவை, கூடாரம் சாயச் சாய அவையும் சாய்ந்தன. நீலக் கிண்ணங்கள் முதல் தட்டு, பச்சை அடுத்தது, அந்தத் தேன்நிறக் குவளைகள் கடைசி. ஒவ்வொரு தட்டாகப் போவதைப் பார்த்தேன். இடியில் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் நனைந்து பல் கிட்டும்போது நெஞ்சுக்குள் மட்டும் அடுப்பு மூட்டியதுபோல் கதகதப்பாக இருந்தது. வெர்னன், பார்த்துக்கோ என்று உன் அப்பாவிடம் மனசுக்குள் சொன்னேன். ஸ்ட்ரௌப் அசையவில்லை. எனக்கு மேலாக, பின்சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான், மழைக்குப் பயந்த கிழவனின் பார்வை என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். காற்று இறங்கியதும், விடலாமா லோர்னா என்று கேட்டான். விடலாம் என்றேன். அவன் திரும்பிய விதம்தான் எனக்கு உறுத்தியது. அவசரமாகத் திரும்பவில்லை. என்ன இருக்கும் என்று தெரிந்தவன்போல மெதுவாகத் திரும்பி, நடந்து போனான்.

எல்லோரும் துடைப்பத்தோடு ஓடிவந்தார்கள், பெர்னீஸ், பானைக்காரத் தம்பதி, தோல்பை தைக்கிறவர், எல்லோரும். ஒரு பருவத்து உழைப்பு வாளி வாளியாகக் குப்பைத்தொட்டிக்குப் போனது. நான் என் தோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றுகூடச் சேதமில்லை. பெர்னீஸ் வந்து, பாவம்டி அந்த மனுஷன், உன் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுல தன்னோடது போனது தெரியாமப் போச்சே, நீயாவது பாத்திருக்கக் கூடாதா என்றாள். மழையில என்ன தெரியும் என்றேன். அன்றைக்கு அந்தப் பொய் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை வெயில் பளிச்சென்று இருந்தது, கடை திறக்கவும் கூட்டம் வரவும் இன்னும் நேரமிருந்தது. ஞாயிறு ஐந்து மணிக்கு முன் எவரும் இடத்தைக் காலி செய்யக் கூடாது என்பதால் ஸ்ட்ரௌப் வெறும் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு குவளை, அவ்வளவுதான் கடை. கையெல்லாம் பிளாஸ்திரி. எழுந்து என்னிடம் வந்தான். லோர்னா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புறீங்களா, ரெண்டு நாளா கண்ணுல அடிக்குது என்றான். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா, இனிமே உனக்குப் பாக்கத்தான் ஒண்ணுமில்லையே, அப்புறம் கண்ணு எதுக்கு என்றேன். கோபப்படுவான் என்று பார்த்தேன், தலையை ஆட்டினான். ஆமா, நேத்து பாத்தாச்சு என்றான். நேத்து நான் நின்ன இடத்துக்கு நேரா இந்தக் கண்ணாடிதான் இருந்துச்சு லோர்னா, கயிறு அறுந்ததுலேர்ந்து கடைசிக் குவளை விழுற வரைக்கும் அதுலயே பாத்துட்டு நின்னேன், நீங்க பாத்துட்டு நின்னதையும் பாத்தேன் என்றான்.

அவன் கண்ணைக் கூச வைக்க நானே என் கையால் சாய்த்து வைத்த கண்ணாடி. அப்புறம் ஏன் விடலை என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நீங்க விடச் சொல்லலையே என்றான். பிறகு குவளையைத் துடைக்கிறவன்போல் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான், அன்னிக்கு வெர்னன் அந்தக் குழாயைத் தூக்கிக்கிட்டு என் கடை வாசல் வழியா எட்டு தடவை போனாரு, எட்டு தடவையும் நான் குனிஞ்சு கிண்ணம் துடைச்சேன், துடைச்ச கிண்ணத்தையே துடைச்சேன், அதுக்குள்ள நிர்வாகிகிட்ட போனதுல அவசரப்பட்டுட்டோமோன்னு எனக்கு உறுத்த ஆரம்பிச்சாச்சு, இருந்தும் தலை நிமிரலை. நான் மன்னிப்புக் கேக்க வரலை, கேட்டாலும் நீங்க தர மாட்டீங்க, தரவும் வேணாம். நேத்து நடந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

போய் அந்த வெறும் புல்லில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? ஒன்பது வருஷம் காத்திருந்து நான் வாங்கிய பழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அதுவும் அவனாக நின்று கொடுத்ததா? போதாததற்கு வாயை மூடிக்கொள்கிறேன் என்று இன்னொரு உதவி வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன் வாயை மூடியிருக்க வேண்டியவன், இப்போது மூடுகிறானாம். நான் செத்தாலும் அவனுடைய அந்தப் பெருந்தன்மையின் கீழ் ஜூலைக்கு ஜூலை தலை குனிந்து உட்கார மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு எத்தனை தோடு விற்றது, யார் வந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கண்ணாடியை மட்டும் திருப்பவில்லை.

ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் கம்பியைக் கழற்றத் தொடங்கினார்கள். நான் லேனின் நடுவில் போய் நின்றேன். நிர்வாகிப் பெண் கையில் பட்டியலோடு பெர்னீஸ் கடை வாசலில்தான் நின்றாள், புதியவள், ஒன்பது வருஷத்துக் கதை தெரியாதவள். தெரிந்துகொள்ளட்டும் என்று தொண்டையைத் திறந்தேன். எல்லாரும் கேளுங்க, நேத்து ஸ்ட்ரௌப் கடை விழுறதை நான் முதல் கயிறுலேர்ந்து பாத்துட்டு நின்னேன், அவன் என் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தான், நான் வேணும்னேதான் விடச் சொல்லலை, ஏன்னு உங்கள்ல பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இப்ப வேணும்னா நிக்கிற மாதிரியே நில்லுங்க, உங்களுக்கு நிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும். இல்லைன்னா வந்து என் கூடாரத்தை இறக்குங்க, என் தோள் போச்சு, என்னால முடியலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பெர்னீஸ், நீ, பானைக்காரங்க ரெண்டு பேர், தோல்பைக்காரர், அன்றைக்கு நின்றவர்கள் ஒருவர் விடாமல்.

பெர்னீஸுக்கு வாய் பிளந்தது, அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. நிர்வாகிப் பெண் பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், இத்தோடு இந்தச் சந்தையில் என் கதை முடிந்தது, இனி எந்தச் சந்தையிலும் ஒருவரும் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. முதலில் எழுந்தது ஸ்ட்ரௌப். ஆறு எட்டு வைத்து வந்து, சனிக்கிழமை பிடித்த அதே முன்காலைப் பிடித்துக்கொண்டு, குழாயைக் கழட்டட்டுமா லோர்னா என்று கேட்டான். கழட்டு என்றேன். அப்புறம் பெர்னீஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள், அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷியாடி என்று திட்டிக்கொண்டே கூரைத் துணியை அவிழ்த்தாள். அப்புறம் எல்லோரும். நான் தொடவில்லை. எப்போதும் கூட எடுத்துப்போகும் உன் அப்பாவின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர்கள் அன்றைக்கு நின்ற மாதிரியே கை கட்டி நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். குழாய்கள் நாலையும் ஸ்ட்ரௌப்தான் தூக்கினான், நாலு நடை, நூலகத்துக்குப் பின்னால்.

பதினான்கு நிமிடம்.

வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுத அழுகையை, கூட வந்திருந்த பிஸ்கட் பயந்துபோய்ச் சீட்டுக்கடியில் ஒளிந்துகொண்டு கேட்டது. மனசு லேசாகி அழுதேன் என்று நினைக்காதே, நீ அப்படித்தான் நினைப்பாய், உன் புத்தி அப்படி. பதினான்கு நிமிடம், கிரெட்சன். அவ்வளவுதான் ஆகியிருக்கும். இத்தனை வருஷமும் அவர்கள் பெரிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டார்கள் என்று கறுவிக்கொண்டிருந்தேன், அது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபின் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது, ஸ்ட்ரௌப் மேல், அந்த நாற்பது பேர் மேல், புல்லில் ஊற்றிய அத்தனை குவளை எலுமிச்சைச் சாற்றை நினைத்தால் என்மேலும்.

நேற்று அந்த நிர்வாகிப் பெண்ணிடமிருந்து அடுத்த வருஷத்து விண்ணப்பம் வந்தது, என்னை எடுத்துவிடவில்லை, ஏனென்று அவளைத்தான் கேட்க வேண்டும். யாருக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது, இத்தனை வருஷமும் அதை வெறுமையாக விட்டு அனுப்பினேன். இந்த முறை டுவேன் ஸ்ட்ரௌபுக்கு நேர் எதிரே என்று எழுதிவிட்டேன். கண்ணாடியும் வரும், அதே சாய்வில். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காரட்டும். காற்று வந்தால் என் முன்காலை அவன்தான் பிடிக்க வேண்டும், அவன் கடை ஆடினால் நான் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையை இந்த முறை சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், அவனும் சரி, நீயும் சரி.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், தோளுக்குப் பட்டை போட்டிருக்கிறார்கள், வலது கைக்கும் சேர்த்து வலிக்கிறது. நீயும் ஹாமிஷும் சண்டையில்லாமல், நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உங்கள் கொட்டகையில் ஒரு குட்டிகூடக் குளிரில் போகாமல் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். ஆகஸ்ட் மூன்றாம் தேதி உன் அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் போன் செய், உன் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டு நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். சினையாட்டைத் தனியாகத் தூக்காதே. யாராவது வந்து மறுபக்கம் பிடித்தால் பிடிக்க விடு, அவன் எவனாக இருந்தாலும்.

மாறாத அன்புடனும், ஆறாத கோபத்துடனும்,
உன் அம்மா
லோர்னா ஹாவர்காம்ப்